பூனையின் கால்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நாலு வருஷமாக ஒரு பூனை நிற்கிறது. பெர்லினில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில், பழைய தபால் அட்டைகளை ஷூ டப்பாக்களில் அடுக்கி விற்கும் ஒருவரிடம் ஒரு யூரோ கொடுத்து வாங்கியது. அட்டை புதுசு, படம் பழசு: 1840களில் கல்லச்சில் அடித்த ஒரு கேலிச்சித்திரத்தின் மறுபதிப்பு. உயரமான பூட்ஸ் போட்ட பெரிய பூனை ஒன்று, கையில் ஷாம்பெயின் பாட்டில். பின்னால் அரண்மனை. தரையில் யாரோ முன்னால் நடந்துபோன காலடித் தடங்கள். அந்தத் தடங்களில் கால் வைத்து நடக்கப் பார்க்கிறது பூனை. கால் பக்கத்தில் போய் விழுகிறது. கீழே ஜெர்மனில் ஒரே ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘ஒருத்தர் எப்பவும் தடத்தை விட்டுவிட்டே கால் வைக்கிறார் பாருங்கள்!’

அந்த ஒருத்தர், பெர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம். 1840-இல் பட்டத்துக்கு வந்து 1861-இல் இறக்கும் வரை மன்னராக இருந்தவர். வீட்டுக்கு வருபவர்கள் தண்ணீர் எடுக்கப் போகும்போது பூனையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். “குடிகார ராஜா. கால் நிதானத்தில் இல்லை, அதைத்தான் கிண்டல் செய்கிறார்கள்” என்பேன். சிரிப்பார்கள். படம் அதோடு முடிந்துவிடும். இரண்டு வருஷம் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு குளிர்காலத்தில் அந்த மன்னரைப் பற்றி விரிவாகப் படிக்க உட்கார்ந்தேன். அவர் வாழ்க்கையை ஆவணங்களோடு ஆராய்ந்தவர்கள் சொல்வது, அவர் குடிகாரரே இல்லை என்பது. குடிப்பழக்கம் என்ற கதை ஊர்வாயில் பிறந்து, படங்களில் வளர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பூனை என்னை உறுத்த ஆரம்பித்தது. பதில் பேச முடியாத ஒரு மனிதரைப் பற்றி இத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னது படமா, படத்தைத் தப்பாகப் படித்த நானா?

பாட்டில்

ஊர் ஏன் அதை நம்பியது என்று பார்த்தால், அவர் உருவமே பாதிக் காரணம். பருத்த உடம்பு, கிட்டப்பார்வை. அதைவிட, அவர் பேச்சு. அவருடைய அப்பா மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம், முழு வாக்கியமாகக்கூடப் பேசாமல் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்பவர். மகனோ 1840-இல் கோனிக்ஸ்பெர்கிலும் பெர்லினிலும் பட்டமேற்பு விழாக்களில் கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசினார். பிரஷ்ய மன்னர் ஒருவர் மக்கள் முன்னால் இப்படி உணர்ச்சி பொங்கப் பேசுவது அதற்கு முன் நடக்காத காரியம். முதலில் ஊர் மயங்கியது. மயக்கம் தெளிந்த பிறகு, அதே பேச்சுக்கு வேறொரு காரணம் தேடியது. அந்தக் காரணம்தான் பாட்டில். பாரிஸிலிருந்து எழுதிய கவிஞர் ஹைன்ரிச் ஹைனே அவரைக் குடித்துக் களிக்கும் சீனச் சக்கரவர்த்தியாக்கி ஒரு கவிதை பாடினார். அது எந்தச் சீனா என்று ஜெர்மனியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, கிரிமியப் போரில் பிரஷ்யா எந்தப் பக்கமும் சேராமல் நின்றபோது, லண்டனின் ‘பஞ்ச்’ பத்திரிகை அவரை ஒரு ஷாம்பெயின் கம்பெனியின் பெயராலேயே ‘கிளிக்கோ ராஜா’ என்று கூப்பிட்டது. ஒரு நாட்டில் தொடங்கிய வசை இன்னொரு நாட்டில் பட்டப்பெயராகிவிட்டது.

தெருப்பாட்டும் சும்மா இருக்கவில்லை. 1844 ஜூலை 26 அன்று, ஷ்டார்கோ என்ற சிற்றூரின் முன்னாள் மேயர் செஷ் என்பவர் மன்னரையும் ராணியையும் நோக்கி மிக அருகிலிருந்து இரண்டு தடவை சுட்டார். இருவரும் பிழைத்தார்கள். செஷ்ஷுக்கு அந்த டிசம்பரில் மரண தண்டனை. பெர்லின் தெருக்களில் கிளம்பிய பாட்டு என்ன தெரியுமா? இந்த மேயருக்கு வந்த கெட்ட நேரம் வேறு யாருக்காவது வந்ததுண்டா, இவ்வளவு குண்டான ஆளை இரண்டடி தூரத்தில் நின்றும் குறி தவறிவிட்டாரே என்று. கொலை முயற்சியைப் பாட்டாகப் பாடும் அளவுக்கு, பட்டத்துக்கு வந்த நாலே வருஷத்தில் அந்த மனிதர் மேல் வெறுப்பு ஏறியிருக்கிறது. வெறும் குடிக்காகவா இவ்வளவு வெறுப்பு? குடிக்கிற ராஜாவை ஊர் பொறுத்துக்கொள்ளும். எங்கேயோ அடிபட்டவர்கள் பாடும் பாட்டு இது.

இதற்கு வழி காட்டியவர் என் அம்மா. இரண்டு கோடைக்கு முன்னால் மூன்று மாதம் எங்களோடு இருந்தார். வந்த மறுநாளே ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, “என்னப்பா இது, பூனை கையில பாட்டில்?” என்றார். பழைய விளக்கத்தைச் சொல்ல மனசு வரவில்லை. “ஒரு ராஜாவைக் கிண்டல் பண்ணிப் போட்டது. ஆனா அவர் குடிக்கமாட்டாராம்மா” என்றேன். அம்மா தோசை மாவை உள்ளே வைத்துக்கொண்டே, “குடிக்காதவன் கையில பாட்டிலைக் குடுத்தா, குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சொல்ல வர்றாங்களோ என்னமோ” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு கதவு திறந்தது. பாட்டில் அவர் வயிற்றைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை, அவர் வாக்கைப் பற்றியதாக இருக்கலாம். பிரஷ்யாவில் நிலுவையில் கிடந்த வாக்கு ஒன்று உண்டு. நெப்போலியனை விரட்டும் போரில் மக்கள் ரத்தம் சிந்திய பிறகு, 1815 மே 22 அன்று, நாட்டுக்கு மக்கள் பிரதிநிதித்துவம் தருவதாக அப்பா மன்னர் எழுத்தில் அறிவித்திருந்தார். இருபத்தைந்து வருஷம் ஆண்டார், தரவில்லை. மகன் வந்ததும், இவர் தருவார் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பும்படித்தான் அவரும் தொடங்கினார். அரசியல் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு. இருபது வருஷமாகப் பேராசிரியர் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த எர்ன்ஸ்ட் மோரிட்ஸ் ஆர்ண்ட்டுக்கு பான் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் நாற்காலி. அரசியலமைப்பை ரத்து செய்ததை எதிர்த்து ஹனோவரில் வேலை இழந்திருந்த கிரிம் சகோதரர்களைப் பெர்லினுக்கு அழைத்தார். கலகக் கவிஞர் கேயார்க் ஹெர்வெக்கை 1842-இல் அரண்மனைக்கே வரவழைத்து, கொள்கையுள்ள எதிர்ப்பை நான் விரும்புகிறேன் என்றார். அடுத்த சில வாரங்களில் அதே ஹெர்வெக்கை நாட்டை விட்டு வெளியேற்றினார். விடிஞ்சா போச்சு.

தடம்

ஆனாலும் அம்மா சொன்னது பாட்டிலோடு நின்றுவிடுகிறது. படத்தின் வாசகம் பாட்டிலைப் பற்றிப் பேசவே இல்லை, காலைப் பற்றித்தான் பேசுகிறது. ஜெர்மனில் ‘பக்கத்தில் மிதிப்பது’ என்றால் காலும் தப்பும், காரியமும் தப்பும். நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை. முன்னோர் அடியொற்றி நடப்பது என்கிறோம், வழுக்கினால் தடம் மாறிவிட்டான் என்கிறோம். அப்படியானால் அந்தத் தடம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். பொட்ஸ்டாமில் இருக்கும் சான்ஸூசி அரண்மனைதான் படத்தின் பின்னணி. பிரெஞ்சில் ‘கவலையில்லை’ என்று அர்த்தம். திராட்சைக் கொடிகள் படர்ந்த படிக்கட்டுத் தோட்டத்தின் உச்சியில் மஞ்சள் சுவரோடு ஒற்றை மாடிக் கட்டடம். கட்டியவர் இரண்டாம் ஃபிரெட்ரிக், மகா ஃபிரெட்ரிக் என்று பெயரெடுத்தவர். நம் பூனைக்கு அவர் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். அவருடைய கல்லறை மேல்தட்டிலேயே, அவர் வளர்த்த நாய்களின் கல்லறைகளை ஒட்டி இருக்கிறது. தரையோடு தரையாக ஒரு கல் பலகை, மேலே பெயர் மட்டும். நான் போன அன்று அந்தக் கல்லின் மேல் ஒன்பது உருளைக்கிழங்குகள் இருந்தன. ஒன்றில் யாரோ நீல மையில் நன்றி என்று எழுதியிருந்தார்கள். பிரஷ்யாவுக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து பசி தீர்த்தவர் என்று மக்கள் மனதில் நின்றுவிட்டதால் இன்றும் இப்படி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மகா ஃபிரெட்ரிக் பட்டமேற்றது 1740 மே 31. நூறு வருஷம் கழித்து, 1840 ஜூன் 1 அன்று, பெர்லினின் பெரிய வீதியில் அவருக்குக் குதிரைச் சிலை வைக்க அடிக்கல் நாட்டினார்கள். ஆறே நாளில், ஜூன் 7 அன்று, அப்பா மன்னர் இறந்து நம்மவர் பட்டத்துக்கு வந்தார். எண்களை நம்பும் யாருக்கும் இது அசரீரி மாதிரிதான் இருந்திருக்கும்: நூறு வருஷம் கழித்து இன்னொரு ஃபிரெட்ரிக். புது மன்னரும் சான்ஸூசிக்கே குடிவந்தார், இரண்டு பக்கமும் கட்டடத்தை நீட்டிக் கட்டினார். பெரியவர் நடந்த அதே மேல்தட்டில் தினமும் நடந்தார். ஆக, படத்தில் இருக்கும் தடம் வெறும் உவமை இல்லை. அவர் நிஜமாகவே அந்தத் தரையில்தான் நடந்துகொண்டிருந்தார். அண்ணன் பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்த பரதன் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பெரியவர் தடத்தை மிதிக்கக் காலைத் தூக்குவதே எவ்வளவு பெரிய பந்தயம் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

எந்தத் தடம் தப்பியது? இங்கேதான் இத்தனை நாள் சுற்றியதற்கு விடை கிடைத்தது. மகா ஃபிரெட்ரிக்கைப் பற்றி பெர்லினில் சொல்லப்படும் கதை ஒன்று. காபிக்கொட்டை வறுப்பதைக்கூட அரசு ஏகபோகமாக்கி வரி போட்ட காலம், 1781 வாக்கில். யேகர் தெருவில் கூட்டமாக இருக்கிறது. குதிரையில் வந்த மன்னர் என்னவென்று பார்க்கிறார். சுவரில் அவரைப் பற்றியே ஒரு கேலிச்சித்திரம்: முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் காபி மில்லை இடுக்கி, ஒரு கையால் அரைத்துக்கொண்டு, கீழே சிந்திய ஒற்றைக் கொட்டையை மறு கையால் பொறுக்குகிறார். உயரத்தில் ஒட்டியிருந்ததால் ஜனங்கள் கழுத்தை வளைத்துப் பார்க்கிறார்கள். மன்னர், “கீழே இறக்கி மாட்டுங்கள், ஜனங்களுக்குக் கழுத்து வலிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ‘கீழே இறக்கி மாட்டு’ என்பது ஜெர்மனில் இன்றும் வழக்கில் இருக்கும் சொற்றொடர்.

இனி நம்மவர் செய்ததைப் பாருங்கள். 1842 மே மாதம், பிரஷ்யாவில் படங்களுக்கு இருந்த முன்தணிக்கையை அவரே எடுத்தார். எழுத்துக்குத் தணிக்கை உண்டு, படத்துக்கு இல்லை. கல்லச்சு மலிவான தொழில்: வழவழப்பான சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டு நேராக வரைந்துவிடலாம்; செதுக்கும் வேலையே இல்லை; காலையில் வரைந்தால் மாலையில் கடை ஜன்னலில் தொங்கும். பெர்லினின் கடை ஜன்னல்கள் கேலிச்சித்திரங்களால் நிரம்பின. அவற்றில் மந்திரிகள் வந்தார்கள், கடைசியில் மன்னரும் வந்தார். 1843 பிப்ரவரியில் தணிக்கை திரும்பி வந்துவிட்டது. மொத்தம் எட்டு மாதச் சொச்சம். பெரியவர் தடம் பக்கத்திலேயே இருந்தது, படத்தைக் கீழே இறக்கி மாட்டச் சொன்னவரின் தடம். இவர் காலைத் தூக்கினார், குறி பார்த்தார், பக்கத்தில் வைத்தார். பூனைக்குத் தப்பிய அடிகளில் ஒன்று, அந்தப் பூனையையே வரைய விடும் அடி. இது என் வாசிப்பு. ஆனால் இதைக் கண்ட பிறகு என்னால் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தத் தடமும் முழு உண்மை இல்லை. படத்தைக் கீழே இறக்கச் சொன்ன அதே மகா ஃபிரெட்ரிக்தான் 1749-இல் தணிக்கைச் சட்டமும் போட்டார். ஊர் நினைவில் காபி மில் நிற்கிறது, தணிக்கைச் சட்டம் நிற்கவில்லை. உருளைக்கிழங்கு நிற்கிறது, போர்களில் செத்த லட்சக்கணக்கானவர்கள் நிற்கவில்லை. கேலிச்சித்திரக்காரர், மன்னர் கையில் இல்லாத பாட்டிலைக் கொடுத்தது போலவே, தரையில் இவ்வளவு சுத்தமாக இல்லாத தடத்தையும் வரைந்திருக்கிறார். நடந்துபோனவரை விட, அவர் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டதோ அதுதான் அந்தத் தடம்.

பொத்தானும் துடைப்பமும்

இதற்குப் பிறகு அந்தக் காலத்துப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாதிக்கு மேல் முதல் பார்வையில் புரியவே இல்லை. 1843-இல் கொலோனின் ‘ரைன் செய்தித்தாள்’ மூடப்பட்டபோது வந்த படம் ஒன்று பிரபலம். அச்சு எந்திரத்தோடு சங்கிலியால் கட்டப்பட்ட மனிதன், அவன் ஈரலைக் கொத்தும் பிரஷ்யக் கழுகு. கட்டுண்டவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இளைஞர் கார்ல் மார்க்ஸ். இது வரை சரி. மேலே ஒரு அணில் உட்கார்ந்திருக்கிறது, அது ஏன்? ரொம்ப நாள் அலங்காரம் என்றே நினைத்தேன். அப்போதைய கல்வி அமைச்சரின் பெயர் ஐக்ஹார்ன். ஜெர்மனில் அது அணிலின் பெயர். அன்று கடை ஜன்னலில் பார்த்த செருப்புத் தைப்பவருக்கு ஒரு நொடியில் புரிந்தது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. நம் ஊர்க் கார்ட்டூனில் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் முகமே வேண்டாம், பாட்டிக்குக்கூட ஆளைத் தெரியும். வெளியாள் அதில் தொப்பியை மட்டும்தான் பார்ப்பார். நான் பாட்டிலை மட்டும் பார்த்தது போல.

அந்தப் படங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1849 மார்ச் 28 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய ஜெர்மனியின் முதல் நாடாளுமன்றம், நம் மன்னரை ஜெர்மானியர்களின் பேரரசராகத் தேர்ந்தெடுத்தது. ஆதரவு 290, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 248. ஏப்ரல் 3 அன்று தூதுக்குழு பெர்லின் வந்து கிரீடத்தை நீட்டியது, அவர் கை நீட்டவில்லை. இதற்கு வந்த படத்தில், நாடாளுமன்றத்தின் முன்னாள் தலைவர் ஹைன்ரிச் ஃபோன் காகர்ன் கிரீடத்தோடு காத்திருக்க, மன்னர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார். நம் குழந்தைகள் இங்கி பிங்கி பாங்கி போடுவார்களே, அதே விளையாட்டு. பேச்சு முழுக்கப் பெர்லின் தெருமொழியில்: ‘வேணுமா? வேண்டாமா? வேணுமா? பொத்தான்களே, வேணுங்கிறீங்களா? அப்படின்னா வேண்டவே வேண்டாம்!’ ரசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் உண்மை அப்படியா? நாலு மாதத்துக்கு முன்பே, 1848 டிசம்பரில், லண்டனில் இருந்த தன் நண்பரும் தூதருமான புன்சனுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அப்படியொரு கிரீடம், மண்ணையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்ட வளையம் என்று எழுதியிருக்கிறார். புரட்சியின் பிண நாற்றம் அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். மக்கள் கொடுக்கும் கிரீடத்தை மன்னன் வாங்குவதா, கிரீடம் கடவுள் கொடுப்பது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை. பொத்தானை எண்ணுபவர் முடிவெடுக்கத் தெரியாமல் திணறுபவர். இவர் என்றைக்கோ முடிவெடுத்துவிட்டவர்.

இதுதான் என்னைக் கடைசியில் கலங்க வைத்தது. குடிகாரன், பூனை, பொத்தான் எண்ணுபவர்: எல்லாப் படமும் அவரை ஏமாளியாக்குகிறது, இலகுவாக்குகிறது. சிரித்துவிட்டு மன்னித்துவிடக் கூடியவராக்குகிறது. அரசியலமைப்பு விஷயத்தில் அவர் வாக்குத் தவறினார் என்பதே பாதிதான் சரி. 1847 ஏப்ரல் 11 அன்று, பிரஷ்யாவின் மாகாணச் சபைகள் எல்லாம் சேர்ந்து கூடிய ஒன்றுபட்ட சபையைத் திறந்து வைத்துப் பேசும்போது, வானத்தில் இருக்கும் நம் கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் எழுதப்பட்ட ஒரு தாள் வந்து புக ஒருபோதும் விடமாட்டேன் என்று சபைக்கு முன்னாலேயே சொன்னார். ஒளிவு மறைவே இல்லை. நம்பியவர்கள்தான் அவர் பேச்சின் இனிமையைக் கேட்டு, உள்ளே இருந்த உறுதியைக் கேட்காமல் விட்டார்கள். அம்மாவின் பழமொழி இந்த இடத்தில் என் கையை விட்டுப் போய்விடுகிறது. விடிந்த பிறகும் மாறாத பேச்சுதான் அவருடையது.

1848-இல் புரட்சி பெர்லினுக்கும் வந்தது. மார்ச் 18 அன்று அரண்மனைச் சதுக்கத்தில், சீர்திருத்த அறிவிப்புகளைக் கேட்க வந்த கூட்டத்தை ராணுவம் கலைக்கும்போது இரண்டு துப்பாக்கிகள் வெடித்தன. ஊர் முழுக்கத் தடுப்பரண்கள் எழுந்தன. இரவு முழுக்கச் சண்டை. பொதுமக்களில் மட்டும் 250 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கைவினைஞர்கள், பயிற்சிப் பையன்கள், கூலியாட்கள். மறுநாள் உடல்களை அரண்மனை முற்றத்துக்கே சுமந்து வந்து, காயங்கள் தெரியும்படி வைத்தார்கள். மன்னரை வெளியே கூப்பிட்டார்கள். வந்தார். தொப்பியைக் கழற்று என்று கத்தினார்கள். கழற்றினார். மார்ச் 22 அன்று 183 சவப்பெட்டிகள் ஃபிரெட்ரிக்ஸ்ஹைனுக்கு ஊர்வலமாகப் போயின. சவப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த காட்சியை அடோல்ஃப் மென்ஸல் எண்ணெய்ச் சாயத்தில் வரைய ஆரம்பித்து, முடிக்காமலேயே விட்டுவிட்டார். அந்த மென்ஸல்தான் சில வருஷம் முன்னால் மகா ஃபிரெட்ரிக்கின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஏறக்குறைய நானூறு படங்கள் போட்டுக் கொடுத்தவர். ஊர் மனதில் அந்தத் தடத்தைப் பதித்த கைகளில் ஒன்று, சவப்பெட்டிகளின் முன்னால் நின்றுவிட்டது. ஹாம்பர்க்கில் அந்தப் படத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். இடது கீழ் மூலையில் வெறும் கோடுகள்தான்.

இரண்டாவது படம் இந்தக் கணக்கைத் தீர்க்கும் படம். ஃபெர்டினாண்ட் ஷ்ரோடர் 1849-இல் டுஸல்டார்ஃப் மாத இதழ் ஒன்றில் வரைந்த, அந்த ஆகஸ்ட் மாதத்து ஐரோப்பா. வரைபடம் போல விரிந்த நிலம். நடுவில் கூர்முனை ஹெல்மெட் போட்ட பிரஷ்ய மன்னர், கையில் பாட்டில் இல்லை, துடைப்பம். அந்த ஹெல்மெட்டே 1842-இல் அவர் தன் ராணுவத்துக்குக் கொண்டுவந்ததுதான். துடைப்பத்தின் முன்னால் சின்னச் சின்ன மனிதர்கள், கிழங்குத் தோலைப் போல சுவிட்சர்லாந்துப் பக்கம் தள்ளப்படுகிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் நாடாளுமன்றம் நின்ற இடத்தில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. வார்சாவில் மெழுகுவத்தி அணைந்து புகைகிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் அந்தக் குட்டி மனிதர்களைப் பார்த்தேன். முகம் கிடையாது, ஓடும் கால்கள் மட்டும். ஜூலை 23 அன்று, புரட்சிக்காரர்களின் கடைசிப் பிடியாக இருந்த ராஷ்டாட் கோட்டை பிரஷ்யப் படையிடம் சரணடைந்த பிறகு, உள்ளே இருந்தவர்களில் பலரை ராணுவ நீதிமன்றம் விசாரித்துச் சுட்டுக் கொன்றது. கழிவுநீர்க் குழாய் வழியாகத் தப்பிய இருபது வயது கார்ல் ஷுர்ஸ் பின்னாளில் அமெரிக்காவில் மந்திரியானார். அந்தத் துடைப்பத்தின் முன்னால் ஓடும் புள்ளிகளில் அவரும் ஒருவர்.

எனக்கு இந்தப் படம்தான் நியாயமான படம். இது அவரைக் குடிகாரனாக்கவில்லை, மிருகமாக்கவில்லை, திணற விடவில்லை. உறுதியாக நின்று வேலை செய்யும் ஆளாகக் காட்டுகிறது. அவர் என்ன செய்தாரோ அதைக் காட்டுகிறது. பூனைப் படத்தைவிட இதற்குச் சிரிப்பு குறைவு. கடை ஜன்னலில் கூட்டம் அதற்குத்தான் அதிகம் நின்றிருக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

சான்ஸூசி பூங்காவின் இன்னொரு ஓரத்தில், குளத்தை ஒட்டி, இத்தாலியப் பாணியில் அமைதித் தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. நம் மன்னர் தானே ஆசைப்பட்டு எழுப்பியது. அவர் அடக்கமானதும் அங்கேதான். வரைவதில் அவருக்கு அப்படி ஒரு பித்து: கோபுரங்கள், தூண் வரிசைகள், கனவுத் தோட்டங்கள் என்று ஆயிரக்கணக்கான ஓவியங்களை விட்டுப் போயிருக்கிறார். வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர், தட்டையாக மணலில் படுத்துக்கிடக்குமே அந்த மீனின் பெயர். கடிதங்களில் கையெழுத்துக்குப் பதில் அந்த மீனைக் குட்டியாக வரைந்து அனுப்புவார். தன்னைத் தானே மீனாக வரைந்துகொண்டவர், பிறர் தன்னைப் பூனையாக வரைந்ததை எட்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. 1857-இல் வந்த பக்கவாதங்கள் அவர் பேச்சைக் குலைத்துவிட்டன. பேச்சாலேயே ஊரை மயக்கியவர், கடைசி வருஷங்களில் வேண்டிய வார்த்தை நாக்கில் வராமல் தவித்திருக்கிறார். நான் போன அன்று தேவாலயத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையில் உருளைக்கிழங்கும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போன மாதம் பூனை அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் என் கண் மட்டத்திலிருந்து எடுத்து, நன்றாகக் கீழே இறக்கி ஒட்டினேன். ஐந்து வயது மகளுக்கு இப்போது அது நேராகத் தெரிகிறது. அன்று சாயந்திரமே அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் விரல் தரைக்குப் போனது, தடத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள்.

“அப்பா, இது யாரோட காலு?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நாய்களோடு தூங்கும் ஒரு ராஜாவிலிருந்து ஆரம்பித்தேன்.